வெள்ளையும் மயிலையும்

வெள்ளை என்பது ஒரே நிறம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பாலும் வெள்ளை, பருத்தியும் வெள்ளை, சுண்ணாம்பு அடித்த சுவரும் வெள்ளை. இவற்றிடையே வேறுபாடு காண முயல்வது வேலையற்றோர் செயல் என்பது என் கருத்தாக இருந்தது. 62-ஆம் வயதில், என் வீட்டுச் சுவர் ஒன்று அக்கருத்துப் பிழையானது என்பதை எனக்குக் கற்பித்தது. 34 ஆண்டுகள் பிறருக்குப் பாடம் சொன்ன ஒருவன், சுவரிடம் பாடம் கேட்ட வரலாற்றை இங்கே கூறுகின்றேன்.

நான் தஞ்சையில் பிறந்து வளர்ந்தவன். திருவையாற்று அரசர் கல்லூரியில் புலவர் வகுப்பில் பயின்றவன். 1984-ஆம் ஆண்டு சாத்தூருக்கு அருகிலுள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாகப் பணியேற்றேன். காவிரியின் வண்டல் மண்ணைக் கண்டு பழகிய எனக்கு, வைப்பாற்றங்கரையின் கரிசல் நிலம் முதலில் வியப்பையே தந்தது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அம்மண், ஐப்பசி மழை பெய்ததும் மை போலக் குழைந்து காலைப் பற்றிக்கொள்ளும். பற்றிய கால் எளிதில் விடுபடாது. என் வாழ்வும் அவ்வாறே ஆயிற்று. சில ஆண்டுகளில் ஊர் திரும்பலாம் என்றிருந்தவன், சாத்தூரிலேயே மனை வாங்கி, 1996-ஆம் ஆண்டில் சிறு வீடு ஒன்றும் கட்டிக்கொண்டேன்.

ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் அவ்வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் வழக்கம். இவ்வட்டாரத்தில் சுண்ணாம்புக் கல்லுக்குக் குறைவில்லை. சாத்தூருக்கும் விருதுநகருக்கும் இடையே 1960-களின் தொடக்கத்தில் சிமெண்டு ஆலை எழுந்ததும் அக்கல்லை நம்பியே. கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறும். எஞ்சியதில் நீரை ஊற்றினால் அது கொதித்து நீறும். அந்நீற்றைக் கரைத்துச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமிலவாயுவை மீண்டும் ஈர்த்துக்கொண்டு பழையபடி கல்லாகவே இறுகும். பூசும்பொழுது சுவர் மங்கித் தோன்றும். உலர உலர வெண்மை பெருகும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர், தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பித் தரும் ஆற்றலுடையது. அவ்வெண்மையை மேலும் துலக்கச் சிறிது நீலமும் கலப்பர். வெளுத்த வேட்டிக்கு நீலம் போடுவதும் இதனால்தான். துணியில் படிந்த பழுப்பை நீலம் மறைத்துவிடும். இவ்வளவும் நான் அறிந்திருந்தேன். ஆயினும், நீலம் கலந்த வெள்ளை வேறு, கலவாத வெள்ளை வேறு என்று எண்ணிப் பார்த்ததில்லை.

2022-ஆம் ஆண்டு மார்கழியில் என் மகன், “அப்பா, ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்து மாள்வானேன்? இம்முறை எமல்ஷன் பூசிவிடுவோம்; சில ஆண்டுகளுக்குக் கவலையில்லை,” என்றான். கடையிலிருந்து வண்ண அட்டை ஒன்றும் வந்து சேர்ந்தது. நூற்றுக்கணக்கான நிறங்கள், சிறு சிறு கட்டங்களாக அதில் அடுக்கப்பட்டிருந்தன. என் மருமகளும் பன்னிரண்டு வயதுப் பெயர்த்தியும் இரண்டு நாள் ஆராய்ந்து, இரண்டு நிறங்களைத் தேர்ந்தெடுத்தனர். ஒன்றன் பெயர் தந்தம். மற்றொன்றன் பெயர் முத்து. இவற்றுள் எது நல்லது என்று என்னிடம் கேட்டனர்.

அட்டையை வாங்கிப் பார்த்தேன். இரண்டு கட்டங்களும் எனக்கு ஒன்றாகவே தோன்றின. “ஒரே நிறத்துக்கு இரண்டு பெயர் வைத்து விற்கிறார்கள். ஒருபொருட் பன்மொழி என்று இலக்கணத்தில் படித்திருக்கிறீர்களே, அதுதான் இது,” என்று கூறி நகைத்தேன். அவர்கள் நகைக்கவில்லை.

மறுநாள் வண்ணம் பூசுபவர் வந்தார். முப்பது ஆண்டுகளாக இவ்வூர்ச் சுவர்களோடு பழகியவர். அவர் என் நகைச்சுவையைக் கேட்டு மெல்லப் புன்னகைத்து, “ஐயா, இரண்டுக்கும் அடிப்படை ஒரே வெள்ளைதான். தந்தத்தில் ஓரிரு சொட்டு மஞ்சள் சேரும். முத்தில் ஓரிரு சொட்டுக் கறுப்புச் சேரும். அந்தச் சொட்டுத்தான் வீட்டையே மாற்றும். கடை விளக்கில் அட்டையைப் பார்த்து முடிவு செய்யவேண்டாம், சுவரிலேயே பூசிப் பார்ப்போம்,” என்றார்.

அவர் கூறிய அடிப்படை வெள்ளை, டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் பொருளாகும். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணலாகக் கிடக்கும் இல்மனைட்டு என்னும் கனிமத்திலிருந்து இதனைப் பிரித்தெடுக்கலாம். கரிய மணலிலிருந்து தூய வெண்மை பிறப்பது விந்தையன்றோ! அவ்வெண்மையில் கடுகளவு இரும்புக் காவி மஞ்சளோ கரியோ கலந்தால், தந்தமும் முத்தும் போன்ற நிறங்கள் பிறக்கின்றன.

கூடத்துச் சுவரில் ஓரிடத்தையும், என் படிப்பறைச் சுவரில் ஓரிடத்தையும் அவர் தெரிந்துகொண்டார். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பட்டி பார்த்து, முதற்பூச்சுப் பூசி உலரவிட்டார். பின்னர் ஒவ்வோரிடத்திலும் இரண்டு முழ அகலத்துக்குத் தந்தத்தையும் முத்தையும் இருமுறை பூசினார். “ஈரத்தில் பார்த்து மயங்கவேண்டாம். சுண்ணாம்பு காயக் காய வெளுக்கும். இது காயக் காயச் சற்று அழுந்தும். நாளைக் காலை முதல் விளக்கு வைக்கும் வரை பாருங்கள்,” என்று கூறிச் சென்றார்.

மறுநாள் முழுவதும் என் பெயர்த்தி ஓர் ஏட்டுடன் சுவரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். காலை, நண்பகல், மாலை, இரவு எனக் கட்டங்கள் வரைந்து, தான் கண்டவற்றைக் குறித்தாள். அவ்வேடு இன்றும் என்னிடம் உள்ளது. கூடத்தின் வாயில் கிழக்கு நோக்கியது. தரை செந்நிறக் காவித்தரை. காலை வெயில் தரையில் விழுந்து சுவரில் எதிரொளித்தபொழுது, தந்தம் மஞ்சள் அரைத்துப் பூசியது போல் ஆயிற்று என்றும், முத்து மட்டுமே வெள்ளையாக நின்றது என்றும் எழுதியிருந்தாள். படிப்பறையின் சாளரம் வடக்கு நோக்கியது. அதனருகே வேம்பு நிற்கின்றது. மார்கழியில் கதிரவன் தென்பால் செல்வதால் அவ்வறைக்கு நேர்வெயில் இல்லை. அங்கே முத்து சாம்பல் பூத்தது போல் மங்க, தந்தம் இதமான வெண்மையாகத் தோன்றிற்று. இரவில் மஞ்சள் ஒளி தரும் விளக்கின்கீழ் இரண்டும் நெருங்கி வந்தன. குழல் விளக்கின்கீழ் மீண்டும் பிரிந்தன.

மாலையில் வந்த வண்ணக்காரர் மேலும் ஒன்று காட்டினார். நீலம் கலந்த பழைய சுண்ணாம்பின் நடுவே தந்தம் அழுக்கேறியது போல் இருந்ததாம். சுற்றிலும் இருந்த பழைய வெள்ளையைத் தாளால் மறைத்தவுடன் அவ்வழுக்கு மறைந்துவிட்டதாம். “அழுக்குப் பூச்சில் இல்லை, பக்கத்து நிறத்தில் இருக்கிறது,” என்றார் அவர்.

பள்ளி இறுதி வகுப்பைக் கடவாத அவர் சொன்ன இவ்வுண்மையைப் பிரெஞ்சு நாட்டு வேதியியல் அறிஞர் மிஷேல் செவ்ரேல் நூலாகவே எழுதினார் என்பதைப் பின்னர் அறிந்தேன். அவர் 1824-ஆம் ஆண்டு பாரிசு நகரின் கோபெலன் நெசவுச்சாலையில் சாயப் பிரிவின் தலைவரானார். அங்கே கறுப்புச் சாயம் வலுவற்றிருக்கிறது என்ற முறையீடு அவரிடம் வந்தது. ஆராய்ந்து பார்த்ததில், சாயத்தில் குற்றமில்லை என்றும், அருகே வைத்து நெய்த நிறங்களே கறுப்பை வெளிறச் செய்தன என்றும் கண்டார். ஒரு நிறத்தின் தோற்றம் அதன் அண்டை நிறத்தையும் பொறுத்தது என்னும் அம்முடிபு, 1839-இல் நூலாக வெளிவந்தது.

இவை யாவும் பிறர் கண்டவை. அன்று நான் கண்டது யாது? காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் இரண்டு சதுரங்களையும் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. இறுதியாக என் பெயர்த்தி, புதிய வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்துவந்து, முதலில் தந்தத்தின்மேலும் பின்னர் முத்தின்மேலும் வைத்தாள். தூய வெள்ளைக்கு அருகே வைத்தால் எந்நிறத்தின் சாயலும் வெளிப்பட்டுவிடும் என்பது வண்ணக்காரர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த உத்தி. “இப்போது தெரிகிறதா, தாத்தா?” என்றாள். எனக்குத் தாளும் தந்தமும் முத்தும் ஒன்றே.

“எல்லாம் வெள்ளைதான், வீண் வாதம் செய்யாதே,” என்று சற்றுக் கடுமையாகவே கூறினேன்.

அவள் கலங்கவில்லை. “இல்லை, தாத்தா. தந்தம் வேறு, முத்து வேறு,” என்றாள்.

அச்சொற்கள் என்னைத் திடுக்கிடச் செய்தன. ஏனெனில், அதே சொற்களை ஏறத்தாழ அதே குரலில் நான் முன்னரும் கேட்டிருந்தேன்.

1986-ஆம் ஆண்டு. ஒன்பதாம் வகுப்பில் ‘எங்கள் வீட்டுக் கால்நடைகள்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். வைப்பாற்றங்கரைச் சிற்றூரிலிருந்து நடந்தே வரும் மாணவன் ஒருவன், “எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைக் காளையும் ஒரு மயிலைக் காளையும் உள்ளன,” என்று எழுதியிருந்தான். அவனுடைய காளைகள் வண்டியில் பூட்டப்பட்டுப் பள்ளி வழியே செல்வதை நானும் கண்டதுண்டு. என் கண்ணுக்கு இரண்டும் வெள்ளையே. மாட்டைத் தெருவில் கண்டதன்றிக் கயிறு பிடித்து அறியாதவன் நான். மயில் என்பது பறவை. காளைக்கு அது எங்ஙனம் அடையாகும் என்று எண்ணிச் சிவப்பு மையால் அச்சொல்லை அடித்து, ‘இரண்டு வெள்ளைக் காளைகள்’ என்று திருத்தினேன். மதிப்பெண்ணிலும் இரண்டு குறைத்தேன்.

அம்மாணவன் எழுந்து நின்று, “ஐயா, வெள்ளை வேறு, மயிலை வேறு. மயிலைக்கு உடம்பெல்லாம் சாம்பல் ஓடியிருக்கும்,” என்றான். “நானும் பார்த்திருக்கிறேன், உட்கார்,” என்றேன். வகுப்பில் சிலர் சிரித்தனர். அவன் தலைகுனிந்து அமர்ந்தான். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அவன் எழுதிய கட்டுரைகளில், புத்தகத்தில் உள்ள சொற்களைத் தவிர வேறு சொல் ஒன்றையும் நான் காணவில்லை. அன்று அதனை என் வெற்றியாகவே கருதினேன்.

இந்நினைவோடு வாய்மூடி நின்ற என்னை, என் மருமகள் வேறொரு கவலையோடு நோக்கிக்கொண்டிருந்தாள். “மாமா, சில மாதங்களாக மாலையில் நீங்கள் படியைத் தடவித் தடவி இறங்குகிறீர்கள். வெளுத்த வேட்டியைப் பழுப்பேறியது என்று திருப்பித் தருகிறீர்கள். ஒருமுறை கண்ணைக் காட்டிவிட்டு வருவோமே,” என்றாள். வேண்டாம் என்று மறுக்க அன்று எனக்கு மனம் வரவில்லை.

மதுரையில் கண்ணைச் சோதித்த மருத்துவர், இரண்டு கண்களிலும் புரை முற்றி வருகிறது என்றார். நம் கண்ணினுள் ஒளியைக் குவிக்கும் வில்லை ஒன்று உண்டு. இளமையில் அது தெளிந்த நீர் போன்றது. முதுமையில் அதிலுள்ள புரதங்கள் திரண்டு அது மங்கும். மஞ்சள் நிறமும் ஏறும். மஞ்சளேறிய வில்லை, நீல ஒளியில் பெரும்பகுதியை உட்புகவிடாது தடுத்துவிடும். மஞ்சள் கண்ணாடி வழியே நோக்குவார்க்குத் தந்தமும் முத்தும் எவ்வாறு வேறுபடும்? இம்மாற்றம் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக நிகழ்வதால், கண்ணுக்கு உரியவனே அதனை அறிவதில்லை. பிழை சுவரிலும் இல்லை, அட்டையிலும் இல்லை, என் கண்ணில் இருந்தது.

மதுரைக் கண் மருத்துவத்தைப் பேசும்பொழுது, கரிசல் மண்ணின் மைந்தர் ஒருவரை நினையாமல் இருத்தல் இயலாது. 1918-ஆம் ஆண்டு எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் உழவர் குடியிற் பிறந்த மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி, இளமையிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணப்பெற்றார். அவ்விரல்களாலேயே கண் அறுவையைப் பயின்று, நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர்க்கு அறுவை செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்ணுள் பொருத்தும் செயற்கை வில்லைகள் 1992 முதல் மதுரையிலேயே செய்யப்படுகின்றன. அதனால் ஏழைகளும் மீண்டும் ஒளிபெற வழி பிறந்தது. ஓய்வு என்பது உழைப்பின் முடிவன்று என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகும்.

தை முதல் வாரத்தில் என் வலக்கண்ணுக்கு அறுவை செய்யலாம் என முடிவாயிற்று. “பொங்கலுக்குள் சுவருக்குப் பூசிவிடலாமே,” என்றான் என் மகன். “வேண்டாம், தாத்தா பார்த்தபின் பூசலாம்,” என்றாள் பெயர்த்தி. அவ்வாறே, வீடு கட்டிய நாள்முதல் இல்லாத வழக்கமாக, அவ்வாண்டுப் பொங்கல் பூசப்படாத சுவர்களோடும், நான்கு சதுரங்களோடும் கழிந்தது. வந்த உறவினர் வினவியபொழுதெல்லாம், “தேர்வு இன்னும் முடியவில்லை,” என்று அவள் விடை கூறினாள்.

அறுவை அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. மறுநாள் கட்டு அவிழ்த்து வீடு திரும்பியதும் கூடத்துச் சுவரின் எதிரே சென்று நின்றேன். எவரும் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கவில்லை. ஒரு சதுரம் பழைய யானைத் தந்தம் போல் இளமஞ்சள் ஓடியிருந்தது. மற்றொன்று மழைக்கால மேகத்தின் விளிம்பு போல் மெல்லிய சாம்பல் கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த பழைய சுண்ணாம்பில் நீலம் தெளிவாகத் தெரிந்தது. ஒரே வெள்ளை என்று நான் பார்த்துவந்த சுவரில் மூன்று வெண்மைகள் இருந்தன.

பின்னர் வலக்கண்ணை மூடிக்கொண்டு, புரை நீக்கப்படாத இடக்கண்ணால் பார்த்தேன். மூன்றும் மறைந்து, பழுப்பான ஒரே நிறம் எஞ்சிற்று. மீண்டும் வலக்கண்ணைத் திறந்தேன், மூன்றும் மீண்டன. சுவர் மாறவில்லை; பார்ப்பவனும் மாறவில்லை; இமை மட்டுமே மாறி மாறித் திறந்தது. சிறுபிள்ளையைப் போல் எத்தனை முறை அவ்வாறு செய்தேனோ அறியேன். என் அருகே நின்ற பெயர்த்தியின் தலையில் கைவைத்து, “நீ சொன்னதே சரி, அம்மா. தந்தம் வேறு, முத்து வேறு,” என்றேன்.

கண் ஆறும்வரை தூசி ஆகாது என்பதால், மாசி இறுதியில்தான் வண்ணம் பூசினோம். செந்தரையின் எதிரொளி வீசும் கூடத்துக்கு முத்து. வேம்பின் நிழல் படியும் வடக்கு அறைக்குத் தந்தம். இம்முடிவு பெயர்த்தியின் ஏட்டைப் பார்த்தே எடுத்தது. வண்ணக்காரர் மட்டும் ஓர் எச்சரிக்கை தந்தார். சாத்தூரில் சித்திரை பிறக்கும் நாளையொட்டி நண்பகற் கதிரவன் நேர் உச்சிக்கு வருவான். அதன்பின் ஆவணி வரை வடபால் நிற்பான். அம்மாதங்களில் வடக்குச் சாளரத்திலும் வெயில் விழும். அப்பொழுது தந்தம் சற்று மஞ்சளாகவே தோன்றும் என்றார். அவ்வாறே தோன்றுகின்றது. ஆண்டு முழுவதும் ஒரே முகம் காட்டும் நிறம் உலகில் இல்லை என்பதை அறிந்தபின், அது ஒரு குறையாகப் படவில்லை.

வண்ணம் பூசி முடிந்த அன்று இரவு, அகராதியை எடுத்து ‘மயிலை’ என்னும் சொல்லைத் தேடினேன். சாம்பல் கலந்த வெண்மை என்னும் பொருள் அங்கே இருந்தது. தொல்காப்பியத்தின் உரியியலில் குரு, கெழு என்னும் சொற்கள் நிறத்தைக் குறிக்கும் என்று நான் மாணவர்க்கு ஆண்டுதோறும் கற்பித்தவன். ஆனால் வெள்ளை, மயிலை, செவலை, காரி என்று காளையின் நிறத்தைப் பகுத்து, ஏரின் பின்னே நின்று சொல் வளர்த்த உழவரின் தமிழை நான் கற்கவில்லை. அவர்க்கு அவ்வேறுபாடு வீண் வாதமன்று. சந்தையில் மாடு வாங்கவும், காணாமற்போன காளைக்கு அடையாளம் சொல்லவும் உதவிய அறிவு. 1986-இல் என் கண்ணில் புரை இல்லை; ஆயினும் நான் காணவில்லை. அம்மாணவனோ நாள்தோறும் காளைகளோடு வாழ்ந்தமையால் கண்டான்.

மாணவர்களே, இரண்டு பொருள்கள் உங்களுக்கு ஒன்றாகத் தோன்றினால், அவை ஒன்றே என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அருகருகே வைத்துப் பாருங்கள்; வெவ்வேறு ஒளியில் பாருங்கள்; அவற்றோடு பழகியவரைக் கேளுங்கள். அவர் வேறுபாடு உண்டு என்று கூறினால், “எனக்குத் தெரியவில்லை,” என்று சொல்வது குற்றமன்று. “எனக்குத் தெரியவில்லை, ஆகையால் இல்லை,” என்று சொல்வதே குற்றம். அக்குற்றத்தை நான் சிவப்பு மையால் எழுதி வைத்தேன்.

அம்மாணவர் இப்பொழுது எங்கிருக்கின்றார் என்பது எனக்குத் தெரியாது. அவருடைய கட்டுரை ஏடும் மறைந்திருக்கும். இப்பாடத்தை அவருடைய பிள்ளைகளில் ஒருவர் எங்கேனும் படிக்க நேரலாம். அவர் வீட்டுக்குச் சென்று, தம் தந்தையாரிடம் இவ்வளவு கூறினால் போதும்: வெள்ளை வேறு, மயிலை வேறு. குறைத்த இரண்டு மதிப்பெண்களையும் ஆசிரியர் திருப்பித் தந்துவிட்டார்.